நல்லெண்ணெய் குடித்த பல்சக்கரங்கள்

காற்றை எதிர்த்து மிதிக்கப் பிடித்த என் அக்காவுக்கு,

உன் சைக்கிளின் பின் கியரைக் கழற்றி மாற்றிவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் முழுவதையும் கேள்.

நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் போன பிறகு, அம்மா அதை வாசலிலிருந்து ஹாலுக்குள் கொண்டுவந்து சாமி மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். யோங் பெங் ஊரின் பழைய சாமான் கடையில் துருவோடு வாங்கி வந்து, பெர்மாஸ் ஜெயாவில் நம் வீட்டு வாசல் வெயிலில் உட்கார்ந்து நீ பச்சை பூசிய அதே சைக்கிள். உன்னைவிட வயதில் மூத்தது.

வெள்ளிக்கிழமைதோறும் உன் தலைக்கு எண்ணெய் வைத்துப் பழகிய கை அம்மாவுடையது. நீ இல்லாத முதல் வெள்ளியன்று நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு சைக்கிள் முன்னால் உட்கார்ந்து, சங்கிலிக்கும் பின்னாலிருந்த ஐந்து பல்சக்கரங்களுக்கும் விரலால் தொட்டுத் தொட்டு வைத்தார். அதற்கப்புறம் ஒரு வெள்ளியும் விட்டதில்லை. நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் யார் என்ன சொல்ல முடியும்?

போன மாதம் அதை ஓட்ட வேண்டும்போல இருந்தது. ஏனென்று எனக்கே தெரியவில்லை. வாசலில் ஏறி மிதித்தால் பெடல் மட்டும் சுற்றுகிறது, சக்கரம் அசையவில்லை. பல்சக்கரங்களுக்கு உள்ளே சின்னக் கொக்கிகள் இருக்கின்றன. அவை எழுந்து கடித்தால்தான் நம் காலின் வலு சக்கரத்துக்குப் போகும். நல்லெண்ணெய் உலர்ந்து பிசினாகி அவற்றை அப்படியே ஒட்டவைத்துவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், அசைந்து கொடுக்கவில்லை. கூலாயில் ஒரு கடையில் அதே அளவில் புதியது கிடைத்தது.

அம்மாவிடம், "பழசாயிடுச்சும்மா, மாத்தணும்" என்று மட்டும் சொன்னேன்.

"அவ மிதிச்சதுடி அது" என்றார். ஆனாலும் சக்கரத்தைப் பிடிக்க அவர்தான் வந்தார்.

உனக்குத் தெரிந்திருக்கும், அக்கா. இந்தப் பல்சக்கரத் தொகுதியை யாரும் பலம் கொடுத்து முடுக்குவதில்லை. மிதிக்க மிதிக்க ஓட்டுகிறவரின் கால்களே அதை இறுக்கிவிடுகின்றன. அப்படியானால் நான் கழற்றப் போனது உன் கால்கள் இறுக்கியதை அல்லவா?

"நீங்க டயர கெட்டியா புடிங்கம்மா. நான் ஸ்பானர் மேல ஏறப் போறேன்."

"அலமாக், விழுந்து வைக்காத. உன் எடைக்கு அது அசையுமா? ஒழுங்கா சோறு தின்னாத்தானே லா."

எத்தனையோ முறை ஏறினேன். கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"ஒடைச்சிட்டியா?"

"இல்லம்மா. விட்டுருச்சு."

கழன்று வந்ததை அம்மா உள்ளங்கையில் வாங்கினார். இடுக்கெல்லாம் பழுப்புப் பிசின். நகத்தால் சுரண்டி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது எதனால இப்படி ஆச்சு?"

"மழை ஈரம்மா."

"ஹாலுக்குள்ள நின்ன சைக்கிளுக்கு ஏதுடி மழை?"

இவ்வளவு படித்த எனக்கு அந்த நேரத்தில் வேறொரு பொய் கிடைக்கவில்லை. சொல்லிவிட்டேன். சைக்கிளுக்கு வேறு எண்ணெய் என்றும், இது நாள்பட்டால் பசையாகிவிடும் என்றும், அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

அம்மா அழவில்லை. "அவளும் சொல்லிக்கிட்டேதான் இருப்பா. போதும்மா, தலையணையெல்லாம் எண்ணெய்னு. நான் எங்க கேட்டேன்?" என்றார். பிறகு ஒரு துணியால் விரல்களைத் துடைத்தபடி கேட்டார்: "அப்ப இனிமே வெள்ளிக்கிழமைக்கு நான் என்ன பண்றது?"

நீயாக இருந்தால் ஏதாவது கிண்டல் செய்து அவரைச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அது வராது. திருகுக்குக் கிரீஸ் தடவி, புதியதைக் கையாலேயே பொருத்திவிட்டு எழுந்தேன். மீதியை என் கால்கள் இறுக்கிக்கொள்ளும். மறுநாள் காலை கடலோரம் வரை போய் வந்தேன். எதிர்க்காற்று உனக்கு எப்படித்தான் பிடித்ததோ, எனக்குத் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா கிண்ணத்தை எடுக்கவே இல்லை. நானே எடுத்து எண்ணெய் ஊற்றி, அவர் முன்னால் தரையில் முதுகு காட்டி உட்கார்ந்தேன். யாரும் என் தலையைத் தொட்டால் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"உனக்கு இருக்கிற முடிக்கு ரெண்டு சொட்டு போதும்" என்றார்.

ஆனால் கிண்ணம் காலியாகும் வரை அவர் கை நிற்கவில்லை. எண்ணெய் காதுக்குப் பின்னால் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. நான் தலையை நகர்த்தவில்லை, அக்கா. இனி எந்த வெள்ளியிலும் போதும் என்று சொல்ல மாட்டேன்.

எண்ணெய்த் தலையோடு,
உன் தங்கச்சி