முழங்கால் ஆழக் குழி

2006 பெப்ரவரி 9, வியாழன்

தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளுகிற பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு வெள்ளைக்கார நர்ஸ் வருவதாக ஒபீஸ் ஐயா சொல்லியிருந்தார். வந்தவள் வெள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை. என் நிறம், என்னைவிடக் கட்டை, இரட்டைச் சடை. பெரு என்ற மலைநாடாம். பெயர் ஹூலியா. சுனாமிக்குப் பிறகு ஒரு வருஷம் அம்பாந்தோட்டையில் வேலை செய்து சிங்களம் பழகியிருக்கிறாள். இங்கே பத்து நாள் பிள்ளைகளை எடை நிறுத்துப் பார்ப்பாளாம். தங்க இடமில்லை, ஆயா புஷ்பம் வீட்டில் இருக்கட்டும் என்று ஐயாவே முடிவு பண்ணிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? வரிசை வீட்டில் ஒரே அறை, எங்கள் லயத்துக் காம்பரா என்ன ரெஸ்ட்ஹவுஸா?

பெப்ரவரி 11, சனி

ரொட்டியும், செத்தல் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் கொடுத்தேன். மூக்கில் தண்ணீர் வழிய வழியத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். கலவான டவுன் கடையில் நான் வாங்கி வந்த உருளைக்கிழங்கைப் பார்த்துத்தான் சிரிப்பு. அவள் ஊரில் கறுப்பு, ஊதா, மஞ்சள் என்று கிழங்கே அத்தனை சாதியாம். எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவளே அடுப்படியில் குந்தி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தன் அம்மா வீட்டு அடுப்பும் இப்படித்தான் என்றாள். கோபம் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் பேசுகிற சிங்களத்தை ஒரு சிங்களவர் கேட்டால் அழுதுவிடுவார்.

பெப்ரவரி 14, செவ்வாய்

இன்றைக்கு ஒரு சங்கடம். ஹூலியா போவதற்கு முன் அவர்கள் ஊர்ச் சாப்பாடு ஆக்கித் தர வேண்டுமாம். குழி தோண்டி, நெருப்பில் பழுத்த கல்லைப் போட்டு, அதன்மேல் கிழங்கும் இறைச்சியும் வைத்து, இலையும் மண்ணும் போட்டு மூடுவதாம். "வீட்டுப் பின்னால ஒரு குழி வெட்டித் தாங்க" என்று என் வீட்டுக்காரர் நல்லையாவிடம் கேட்டாள். இவர் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவளுக்கு என்ன தெரியும், பாவம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவரும் இவர் தம்பி சின்னத்தம்பியும் மாணிக்கக் குழிக்குக் கூலிக்குப் போனார்கள். இவர் தேத்தண்ணி குடிக்க மேலே ஏறிய நேரம் ஓரம் இடிந்தது. கீழே நின்ற தம்பி மண்ணோடு போய்விட்டான். அன்றிலிருந்து தம்பி பெண்சாதி மல்லிகாவின் முகத்தை இவர் பார்ப்பதில்லை. அவளும் வருவதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலே நாலு கதவு. அவள் வாசலைத் தாண்டக் கூடாதென்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு லயத்தையே சுற்றிப் போகிற மனுஷன் இவர். நான் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோச்சு.

பெப்ரவரி 16, வியாழன்

இவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு கோழி மட்டும் பேசிக்கொண்டிருந்தது, அதையும் பிடித்துக் கட்டியாச்சு.

பெப்ரவரி 18, சனி

ஹூலியா விடவில்லை. தானே மம்பட்டியை எடுத்துக்கொண்டு என் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் வெட்டத் தொடங்கினாள். இவர் திண்டில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்தார். குழி முழங்கால் அளவு வந்ததும் ஒரே ஓட்டமாக ஓடி வந்தார்.

"ஓரத்த நெட்டுக்குத்தா வெட்டாத! இடிஞ்சி விழும், ஏறு மேல, ஏறு!"

முழங்கால் ஆழம். ஒரு கோழிக்குஞ்சுகூட அதில் புதையாது. நான் சிரிக்கவில்லை. இவர் மம்பட்டியைப் பிடுங்கி, தானே இறங்கி, ஓரத்தையெல்லாம் சரிவாகச் செதுக்கினார்.

அதற்குள் தோட்டக் காவல் வாச்சர் வந்துவிட்டார். நல்லையா லயத்துக்குப் பின்னால் களவாக மாணிக்கம் தோண்டுகிறான் என்று யாரோ ஊதிவிட்டார்களாம். "தொரைக்கிட்ட சொல்லவா?" என்றார். "சொல்லுங்க. நாளைக்குப் பகலைக்கு மாணிக்கம் எடுப்போம், தட்டோட வாங்க" என்றேன்.

பெப்ரவரி 19, ஞாயிறு

கை வலிக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஆற்றுக் கல் வேண்டாம், வெடிக்கும் என்று ஹூலியா மேட்டுக் கல்லாகப் பொறுக்கினாள். விறகில் இரண்டு மணி நேரம் சுட்டோம். குழிக்குள் கல், அதன்மேல் உருளைக்கிழங்கு, வத்தாளைக்கிழங்கு, உப்பும் மிளகாயும் பூசிய கோழி. மேலே வாழையிலை, ஈரச் சாக்கு, மண். புதைத்த மாதிரியே இருந்தது. இவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

திறக்கிற நேரம் நான் நிமிர்ந்து பார்க்கிறேன், மல்லிகா வந்து நிற்கிறாள். கையில் இரண்டு மரவள்ளிக்கிழங்கு, இடுப்பில் மகள் ஷாமிளா. பிள்ளை எடை குறைவு, நல்லாச் சாப்பிட வேண்டும் என்று ஹூலியாதான் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. வாச்சரும் தட்டோடு வந்திருந்தார், வெட்கமில்லாமல்.

மண்ணைத் தள்ளியதும் வந்த வாசம் இருக்கிறதே! ஹூலியா முதல் கிழங்கை எடுத்து இவர் கையில் வைத்தாள். அவர்கள் வீட்டில் முதல் வாய் மண்ணுக்குத்தானாம், குழி வெட்டியவர்தான் போட வேண்டுமாம். நான் தமிழில் சொன்னேன்.

இவர் கிழங்கைப் பிடித்துக்கொண்டே நின்றார். "மண்ணு அதோட பங்க எப்பவோ எடுத்துக்கிச்சு" என்றார்.

மல்லிகாதான் பேசினாள். "அன்னைக்கு மழைன்னு அவரு படுத்துத்தான் இருந்தாரு மாமா. நீங்க கூப்பிட்டும் வரலன்னுதான் சொன்னாரு. நான்தான் ஏசி எழுப்பிவிட்டேன். ஒங்க மொகத்த எப்பிடிப் பாக்குறதுன்னுதான் நான் வரல."

"நீயா?" என்றார் இவர். "நான்ல தேத்தண்ணிக்கு ஏறிட்டேன்."

மூன்று வருஷம்! இரண்டு பேரும் ஒரே சுமையை ஆளுக்கொரு பக்கம் ஒளித்துத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். நடுவில் நான் ஒரு மடைச்சி. இவர் குனிந்து கிழங்கைக் குழிக்குள் வைத்தார், எறியவில்லை. பிறகு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். ஷாமிளா பயந்துபோய், "பெரியப்பா சுட்டுக்கிச்சா?" என்று கேட்டது.

கோழி நன்றாக வெந்திருந்தது. உப்புத்தான் கொஞ்சம் கம்மி.

பெப்ரவரி 20, திங்கள்

ஹூலியா காலை பஸ்ஸில் இரத்தினபுரிக்குப் போய்விட்டாள். கட்டச்சம்பல் ஒரு போத்தல் கட்டிக் கொடுத்தேன். அழக்கூடாது என்று இருந்தேன். அழுதேன்.

மார்ச் 7, செவ்வாய்

வேலை விட்டு வந்து இவர் குளித்துவிட்டுக் கிளம்பினார். வரக் காணோம். சோறு, பருப்பு, கீரை எல்லாம் ஆக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வழியாக வந்து, "எனக்குப் போடாத புள்ள, மல்லிகா வீட்டுல சாப்பிட்டுட்டேன். ஷாமிளா விடல" என்றார். நேற்றும் இதே கதைதான். சட்டி நிறையச் சோறு கிடக்கிறது. இதை முன்கூட்டிச் சொன்னால் வாய் வலிக்குமா? நாளையிலிருந்து அரைச் சுண்டு அரிசி குறைத்துத்தான் போட வேண்டும். போகட்டும்.