வெள்ளை காயட்டும் என்றாயே

அன்பு மச்சான் முருகேசா,

உன்னைத் திட்டுவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். பெயரை எழுதியதுமே கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் திட்டாமல் விடப்போவதில்லை.

ஊரிலிருக்கும் உன் அம்மா, என் அத்தை, கேட்டது ஒரே ஒரு படம். கடல் தாண்டிப் பாலோ தோட்டத்துக்குக் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்த மகன் இப்போது எப்படி இருக்கிறான் என்று பார்க்க ஆசைப்பட்டார். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை தன் பழைய கேமராவை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனதும், அதிலேயே எடுத்து அனுப்புகிறேன் என்று குதித்தாய். ஆனால் அதன் கறுப்பு வண்ணம் உரிந்து, உள்ளே பித்தளை பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அது உனக்குப் பொறுக்கவில்லை.

"சொறி புடிச்ச பெட்டியில அம்மாவுக்குப் படமா?" என்றாய்.

"படத்துல பெட்டியா வரப்போகுது? குளுவாங் டவுன்ல படம் புடிக்கிற கடையில போய் நின்னா முடிஞ்சிச்சுலா!" என்றேன்.

"போ மச்சான், உனக்கு ஒண்ணும் தெரியாது."

பழைய வண்ணத்தைச் சுரண்டி, மெல்லிசாகக் கறுப்பு எனாமல் பூசி, காப்பிக் கடைக்காரரின் ரொட்டி அடுப்பில் சூடு தணிந்த பிறகு வைத்து வாட்டினாய். மறுபடி பூசினாய், மறுபடி வாட்டினாய். பிறகு பித்தளையில் வெட்டியிருந்த எழுத்துகளிலும் எண்களிலும் பல் குத்தும் குச்சியால் வெள்ளை வண்ணத்தை அப்பினாய். துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, மேலே வழிந்ததை ஒரே இழுப்பில் துடைத்தாய். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் ஆயுத பூசை. பொட்டு வைக்காமல் எந்தக் கருவியையும் படைக்கக்கூடாது என்று, ஈரம் காயாத எழுத்துகளின் மேலேயே சந்தனத்தை அப்பிவிட்டாய். விடிந்ததும் துடைத்தால் சந்தனத்தோடு வெள்ளையும் வந்துவிட்டது! தோட்டமே சிரித்தது, நீயும் சிரித்தாய். அப்படியே ஒரு படம் எடுத்திருக்கக்கூடாதா? மறுபடியும் குச்சியைத்தான் எடுத்தாய். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"வெள்ளை காயட்டும் மச்சான்" என்றாய். அது காயும் முன்பே குளிர்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது வெள்ளை கையில் ஒட்டுவதில்லை. நேற்றுகூடத் தடவிப் பார்த்தேன். யாரை நிறுத்திப் படம் எடுப்பது, நீயே சொல்லு?

ஊரிலிருந்து கப்பலில் வந்த ஒருவர், அத்தை ஏதோ சொல்லி அனுப்பியிருப்பதாக என்னைத் தேடி வந்தார். நான் இங்கேயே பிறந்தவன், அத்தையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. படத்தைத்தான் கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

"படம் இனிமே எதுக்குய்யா? எம்புள்ளகூட இருந்தவன ஒரு தடவ வரச் சொல்லு. அவன் மூஞ்சியயாவது பாத்துக்குறேன்" என்றாராம்.

போகிறேன் மச்சான், அடுத்த கப்பலிலேயே போகிறேன். உன்னைப் பற்றி அத்தை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வேன். உனக்குப் போட முடியாமல் போன சோற்றை எனக்குப் போட்டால், மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

உன் மாமன் மகன்,
வேலு