பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜூன் 2, திங்கள்

பதினான்காவது கையெழுத்து. ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் பெயர், நேரம், அப்புறம் ஒரு கேள்வி: சென்ற வாரம் நகர எல்லையைத் தாண்டினீரா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். வழக்கம்போல இல்லையில் டிக் போட்டேன். எழுத்தர் தலை நிமிரவில்லை. அவர் எப்போதுமே நிமிர்வதில்லை. ஆனாலும் ஒவ்வொரு திங்களும் இறங்கியதும் எதிர்க்கடையில் கழிப்பறை எங்கே என்று கேட்பேன். இப்போதெல்லாம் கடைக்காரர் நான் வாயைத் திறக்கும் முன்பே கையைக் காட்டிவிடுகிறார்.

நான் செய்த குற்றம், ஒன்பது பேரை வீட்டுக்கு வரவிட்டதுதான். பஹாய் மதத்தைச் சேர்ந்த நாங்கள் பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை கூடிப் பிரார்த்தனை செய்வோம், ஆக வேண்டியதைப் பேசுவோம், ஏதாவது சாப்பிடுவோம். அதற்குச் சட்டவிரோதக் கூட்டம் என்று பெயர் வைத்து என்னை ஐந்து வாரம் உள்ளே வைத்தார்கள். ஜாமீனில் விடும்போது சொன்னது: திங்கள்தோறும் கையெழுத்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மறுபடி உள்ளே.

மாலையில் ஆஸ்பத்திரி. என் மனைவியை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டதாம். மூன்று வாரம், மிஞ்சினால் நான்கு. நான் வெளியே வந்ததும் அவள், "மூஞ்சியே சொல்லுது. எத்தனை நாளுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

ஜூன் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி விரிப்புகளை ஓட்டலிலும், ஓட்டல் விரிப்புகளை ஆஸ்பத்திரியிலும் இறக்கிவிட்டேன். இப்போது நான் வேன் ஓட்டும் சலவைக்கடையின் முதலாளி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 5, வியாழன்

கூட்ட நாள். இப்போதெல்லாம் நான்கு பேருக்கு மேல் சேருவதில்லை. நான், அவள், என் அக்கா, கடிகாரக்காரரின் மகள். செருப்புகளை எடுத்து வந்து சமையல்கட்டில் ஒளித்து வைத்தோம். பிரார்த்தனையை முணுமுணுப்பாகவே படித்தோம். குழாயைத் திறந்து விட்டிருந்தேன், வெளியே கேட்கக் கூடாதென்று. "தண்ணி வீணாப் போகுது, கடவுளுக்கே பொறுக்காது" என்று அவள் எழுந்துபோய் மூடிவிட்டு வந்தாள்.

கடிகாரக்காரர் போன மாதம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இங்கே எங்கள் இடுகாட்டை எடுத்துக்கொண்டு புல்டோசர் விட்டு ஒரு வருஷம் ஆகிறது. அதிலிருந்து எங்களில் யார் இறந்தாலும் பிணவறைக்காரர்கள் உடலை வீட்டுக்குத் தராமல் தாங்களே தொலைவில் எங்கோ புதைத்துவிடுகிறார்கள். "எங்க புதைச்சாங்கன்னு மூணு வாரம் கழிச்சுத்தான் சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண். "ஒன்பது மணி நேரம் போகணும். பேர் கிடையாது. குழி மேல ஒரு கம்பி, அதுல ஒரு நம்பர்." அழவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு என் மனைவி சொன்னாள்: "எனக்கு அந்தக் கம்பி வேணாம்."

எங்களுக்கு ஒரு விதி உண்டு. இறந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்கு மேல் உடலைக் கொண்டுபோகக் கூடாது. ஒன்பது மணி நேரம் என்பது அவளைப் பொறுத்தவரை இரண்டாவது சாவு. எங்கள் மதத்துத் தச்சர் ஒருவர் இருக்கும் ஊரில் மட்டும் ஒரு சின்ன இடுகாடு இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த ஊர் எனக்குத் தெரியாதா? நாற்பத்தொன்றாம் நம்பர் வண்டியை ஆறு வருஷம் அந்த ஊருக்குத்தான் ஓட்டினேன், மதம் என்ற கட்டத்தைப் பார்த்து அரசுப் பேருந்து வேலையிலிருந்து என்னைத் தூக்கும்வரை. ஸ்டாண்டிலிருந்து இரண்டு மணி பத்து நிமிடம். விதிப்படி ரொம்பத் தூரம் என்றேன்.

"பொணத்துக்குத்தான தூரம்? உசிரோட போனா ஒரு சீட்டுதானே?" என்றாள். கணக்கு டீச்சராக இருந்தவள். ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்!  பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லவும் செய்தேன். "தெரியும்" என்றாள்.

ஜூன் 7, சனி

காலையிலிருந்து வாசலில் ஒரு பைக். ஹெல்மெட் போட்ட ஆள் போனையும் எங்கள் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். பிரார்த்தனைப் புத்தகத்தை அரிசி டின்னுக்குள் அமுக்கினேன். டைரியைப் பரண்மேல் எறிந்தேன். பதினொரு மணிக்கு மாடிவீட்டுப் பெண் இறங்கி வந்து பின்னால் ஏறிக்கொண்டாள், இருவரும் போய்விட்டார்கள்.

என் மனைவி படுக்கையிலிருந்து சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு நாள் அது நிஜமாகவே அவர்களாக இருக்கும்.

ஜூன் 9, திங்கள்

பாலத்தைத் தாண்ட அனுமதி கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு படிவத்தை நீட்டினார். அதிலும் மதம் என்று ஒரு கட்டம். "இதை மட்டும் சும்மா விட்டுடுங்க. இல்ல, ஒரு கோடு போடுங்க. பாலமும் வேணாம், ரிஜிஸ்டரும் வேணாம், நிம்மதியா இருக்கலாம்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவர் குரலில் இருந்த அக்கறைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒரு கோடு. பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே எவ்வளவு நேரம் நின்றது? அப்புறம் எழுதினேன். எழுத்து கோணிப்போய், "இது என்னய்யா?" என்று எழுத்தர் கேட்டார். "பஹாய்" என்று வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி. ஒரே ஒரு நாள். காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு. தேதி சொல்லுங்க."

நான் இரண்டு நாள் கேட்டேன், கொண்டுபோய் விட ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று.

"ஒண்ணுதான். எந்த நாள்?"

சாகும் தேதியை யாரால் சொல்ல முடியும்? பதினான்காம் தேதி, சனி என்றேன். அவளை உயிரோடு கூட்டிப்போகிற நாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "சரியாத்தான் பண்ணிருக்கீங்க. செத்தவளுக்கு எதுக்கு டிரைவர்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 14, சனி

முதலாளி வேனைக் கொடுத்தார். "எனக்குத் தெரியாமக் கேட்டு எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கட்டும்" என்றார். கேட்டு எடுத்தால் எப்படித் தெரியாமல் இருக்கும்? அவருக்கும் பயம். துவைத்த விரிப்பு மூட்டைகளின் மேல் அவளைப் படுக்க வைத்தேன், அக்கா தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

ஸ்டாண்டைத் தாண்டி இருபத்தைந்தாவது நிமிடம் பாலம். சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டை நீட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தும், அதற்கு முன் இரண்டு முறை தேதியைப் பார்த்திருந்தேன். போலீஸ்காரர் பின்கதவைத் திறந்து பார்த்தார். "நோயாளியா?" என்றார். "டீச்சர்" என்றாள் அவள். சல்யூட் அடிக்காத குறையாகக் கதவை மூடினார்.

அப்புறம் வழி முழுக்க நிறுத்தம் நிறுத்தமாகப் பெயர் சொல்லி என்னைச் சோதித்துக்கொண்டே வந்தாள். ஒன்றை விட்டுவிட்டேன். "ஆறு வருஷம் ஓட்டினது இதுதானா" என்று கேட்டாள். இரண்டு மணி இருபது. பள்ளம் பார்த்து ஓட்டியதால் பத்து நிமிடம் கூடிவிட்டது.

தச்சர் வீட்டின் முன்னறை முழுக்க மரத்தூள் வாசனை. ஜன்னலோரம் கட்டில் போட்டு வைத்திருந்தார். பலகை அடுக்கின் பின்னால் எதையோ துணி போட்டு மூடி வைத்திருந்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள். "அது என்னோடதா? காட்டுங்க." தச்சர் நெளிந்தார். பிறகு துணியை விலக்கினார். நல்ல கடின மரப் பெட்டி, மூலைகள் பிசிறில்லாமல் சேர்ந்திருந்தன.  "கால் இடிக்காதே?" என்று கேட்டாள்.

இடுகாட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தேன். வாசலிலிருந்து பதினோரு நிமிடம். அதைச் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. தீப்பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்த மோதிரம், புதைக்கும்போது விரலில் போடுவது. அதை அக்காவிடம் கொடுத்தாள்.

மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். அக்காவை அவளோடு விட்டுவிட்டுக் கிளம்பினேன். வேறென்ன எழுத? "பார்த்து ஓட்டுங்க" என்றாள். இருபத்தெட்டு வருஷமாக வாசலில் நின்று சொன்ன அதே வார்த்தை. ஐந்து நாற்பதுக்குச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஆம், அனுமதியுடன். எழுத்தர் தேதியைச் சரிபார்த்தார்.

ஜூன் 19, வியாழன்

போனில் இரண்டு நிமிடம். யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்ற பயத்தில் நான் சாப்பாடு, மழை, மாத்திரை என்றே பேசிக்கொண்டிருந்தேன். "பயந்தாங்கொள்ளி" என்றாள். குரல் பாதியாகிவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

கூட்ட நாள். கடிகாரக்காரரின் மகளும் நானும் மட்டும். அங்கே தச்சர் போனை அவள் வாயருகே பிடித்திருந்தார். இரண்டு வரி படித்தாள், மூன்றாவது வரிக்கு மூச்சு இல்லை. நான் எடுத்துப் படித்தேன். சத்தமாக. படித்து முடித்த பிறகுதான் குழாயைத் திறக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. உடனே ஓடிப்போய்க் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

ஜூன் 27, வெள்ளி

காலை ஏழு இருபதுக்குப் போன். அக்கா. "தம்பி, போயிட்டாடா."

நாளை பத்து மணிக்கு அடக்கம்.

ஸ்டேஷனுக்குப் போனேன். "ஒரு நாள்னு சொல்லித்தானே கொடுத்தேன்?" என்றார் இன்ஸ்பெக்டர். எழுத்தர் எழுதிக்கொண்டே இருந்தார்.

பிரார்த்தனையைத் தச்சர் படிப்பார். ஒருவர் படித்தால் போதும், மற்றவர்கள் நிற்பார்கள். ஆக, நான் தேவையில்லை. அவள்தான் விடை கொடுத்துவிட்டாளே. நான் போய் மாட்டினால் அவளுக்கே பிடிக்காது. சட்டத்தை மீறக் கூடாது என்றும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. இப்படி மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு சாக்காக அடுக்குகிறேன். எல்லாமே நல்ல சாக்குகள்.

உள்ளே இருந்த அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் உடம்பு சில்லிடுகிறது. இந்த ஐம்பத்தாறு வயதில் இன்னொரு முறை தாங்குவேனா?

ஜூன் 28, சனி

ஆறு மணிக்குக் கிளம்பும் நாற்பத்தொன்றாம் நம்பர் வண்டி. சீட்டு எடுத்து, ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். வேலையில் புதியவர், வளைவில் கியர் மாற்றத் தெரியவில்லை. பாலத்தில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். எனக்கு உயிரே போய்விட்டது. மேலே இருந்த பைகளை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அதுவும் உண்மை.

என்னைப் பார்த்ததும் அக்கா முதலில் அடித்தாள், அப்புறம் கட்டிக்கொண்டாள்.

வெள்ளைத் துணியில் சுற்றி, மோதிரம் போட்டிருந்தார்கள். கால் இடிக்கவில்லை. தச்சரின் வண்டியை நான்தான் ஓட்டினேன். பதினோரு நிமிட வழிக்குப் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டேன். ஏழு பேர் நின்றோம். அந்தப் பிரார்த்தனையில் ஆறு வரிகள், ஒவ்வொன்றும் பத்தொன்பது தடவை. இரண்டாவது வரியில் தச்சருக்குக் குரல் உடைந்தது, புத்தகத்தை என் பக்கம் நீட்டினார். விரல் கணுக்களை எண்ணிக்கொண்டே படித்தேன். எண்ணிக்கை தவறிவிடுமோ என்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறு எந்தப் பயமும் எனக்கு இல்லை. தவறவில்லை. கணக்கு டீச்சர் காதில் விழுந்திருக்கும்.

அவள் பெயரைத் தச்சர் பலகையில் செதுக்கி வைத்திருந்தார். முழுப் பெயர்.

ஜூன் 29, ஞாயிறு

என்னோடு திரும்பி வந்த அக்கா காலையிலிருந்து அதையே சொல்கிறாள். "யாரும் பார்க்கல. எவனுக்கும் தெரியாது. நாளைக்கு இல்லைன்னு டிக் போட்டுட்டு வந்துடு. அவ போனதோட நீயும் போயிட்டா எனக்கு யாருடா இருக்கா?"

 சேர்ந்து அழுதோம். பிறகு அவள் எழுந்து போய் என் இரண்டு சட்டைகளை இஸ்திரி போட்டாள்.

ஜூன் 30, திங்கள்

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையில் இரண்டு சட்டை, சோப்பு, பல்துலக்கி, அவளுடைய மூக்குக்கண்ணாடி.

ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இன்றைக்கு எழுத்தர் தலை நிமிர்ந்தார். அனுமதிக் கோப்பைப் புரட்டினார், எதுவும் இல்லை. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து வெள்ளை மை புட்டியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"கை தவறி மாத்திப் போட்டுட்டீங்க போல" என்றார் மெதுவாக.

"இல்லைங்க. சனிக்கிழமை போனேன். என் வீட்டுக்காரிய அடக்கம் பண்ண."

அவர் புட்டியை உள்ளே வைத்தார். "இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு வருவார். உட்காருங்க" என்றார். ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார்.

 எதிர்க்கடைக்கு ஓட வேண்டும் போலத்தான் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து. பத்து மணிக்குக் கிளம்பிய நாற்பத்தொன்றாம் நம்பர் வண்டி இந்நேரம் பாலத்தில் ஏறியிருக்கும்.