வயிற்றிலிருந்து எடுத்த மருந்து

மதுரை ஆஸ்பத்திரி,
3-8-1961

அன்புள்ள வள்ளிக்கு,

உன் அத்தான் எழுதுவது. பிழைத்துவிட்டேன். வாந்தி, தீராத தாகம், ஆளை மறக்கும் மயக்கம் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. என் ரத்தத்தில் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, கண்டபடி ஏறிக் கிடந்ததாம். நெஞ்செரிச்சலுக்கு ராக்கு அக்கா வேளைக்கு வேளை பாலில் கலக்கித் தந்த சங்கு பஸ்பமும், நான் அள்ளிப் போட்ட சோடா உப்பும் செய்த வேலை. "யாருய்யா உமக்கு இம்புட்டுக் கொடுத்தது?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

என்னை மயக்க நீ சோற்றில் இடுமருந்து வைத்தாய் என்று உன்னைத் துரத்தியது தப்புதான். வந்துவிடு. வெளியே எதையும் பேச வேண்டாம். அக்கா பாவம், நல்லதுக்குத்தான் கொடுத்தாள்.

சேதுராமன்

முதுகுளத்தூர்,
7-8-1961

அத்தானுக்கு,

அக்கா பாவமா? நல்லாயிருக்கு உங்கள் நியாயம்!

மாரியம்மன் கோயில் வாசலில் மருந்தெடுக்கிறவன் உங்கள் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, ஒரு தலைமுடிச் சுருளைத் துப்பினானே. "இங்கன பாருங்க, பொண்டாட்டி வச்ச மருந்தை!" என்று மதினி, உங்கள் அக்காதான், அதைத் தட்டில் ஏந்தித் தெருவெல்லாம் காட்டினாளே. நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? இன்றைக்கும் என் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. அண்ணன் வீட்டிலேயே என்னை அடுப்படிக்குள் விடுவதில்லை.

அதே வாசலில் நின்று மதினி உண்மையைச் சொல்லட்டும். பிறகு வருகிறேன்.

சண்முகவள்ளி

பாம்பன்,
19-8-1961

அன்புள்ள வள்ளிக்கு,

அக்கா ஓயாமல் அழுகிறாள். அவள் மகள் நாகலெட்சுமிக்கு வருகிற வெள்ளிக்கிழமை பரிசம். இந்த நேரத்தில் இதைக் கிளப்பினால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். நீ நல்லவள் என்று எனக்குத் தெரியும், அது போதாதா? உனக்கொரு சுங்குடிச் சேலை அனுப்பியிருக்கிறேன்.

சேதுராமன்

முதுகுளத்தூர்,
22-8-1961

அத்தானுக்கு,

சேலை கிடைத்தது. அதைக் கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் வந்து ரயிலேறுகிறேன். வாழ வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் உட்கார்ந்ததும், உங்கள் உடம்பில் ஏறியது என்ன, ஏற்றியது யார் என்று நானே சொல்வேன். பொய் என்று சொல்ல உங்களுக்கு வாயிருந்தால் சொல்லுங்கள்.

நாகலெட்சுமி என் மடியில் கிடந்து தூங்கிய பிள்ளை. அவளை நினைத்தால் எனக்கும் மனசு ஒருமாதிரிதான் இருக்கிறது. என்னை நினைத்து அன்றைக்கு யார் மனசு கலங்கியது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலைத் தொடாதீர்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் நல்ல நினைவோடு இருக்க வேண்டும்.

சண்முகவள்ளி