பதினோராம் நிகழ்ச்சி

2025 மே 6, செவ்வாய்
கழக விளையாட்டு விழாவுக்கான நிகழ்ச்சிநிரலைத் தட்டச்சு செய்தேன். நான் இதைச் செய்வது இது பத்தொன்பதாவது வருடம். பதினோராம் நிகழ்ச்சி வழமைபோல: மெதுவான சைக்கிள் ஓட்டம் – ஆண்கள். கடைசியாக வந்து சேர்பவருக்கு வெற்றி. கால் நிலத்தில் பட்டால் வெளியே.

மனைவி ராசமலர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ர பேரையும் போடுங்கோ" என்றாள். அறுபத்துமூன்று வயது. போன கோடையில்தான் பக்கத்துப் பகுதியான புருசெத்தில் பெண்களுக்கு வைத்த வகுப்புக்குப் போய்ச் சைக்கிள் பழகியவள். முப்பத்தாறு வருடம் கூட இருந்தவளுக்கு ஆட்களோடு முரண்பட எனக்கிருக்கும் பயம் தெரியாதா? பட்டியலில் எழுதினேன். பென்சிலால்.

மே 8, வியாழன்
பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலைவர் ஜோர்ஜ் தொலைபேசி எடுத்தார். ஐந்து வருடமாக அந்த ஓட்டத்தில் அவர்தான் முதலாமிடம்.
"அண்ணை, அக்கான்ர பேர் இடம் மாறி வந்திட்டுது போல. பெண்களின்ர தேசிக்காய் கரண்டி ஓட்டத்துக்கு மாத்தி விடுங்கோ."
"ஓம், பாப்பம்" என்றேன். ஏன் ஓம் என்றேன்?

மே 10, சனி
மழை. நூலகத்தில் நான்கு மணித்தியாலம். கையில் கடதாசி இல்லாமல் செயற்குழுவில் எனக்கு வாய் திறக்க வராது.

ஷீலா வில்கொக்ஸ் என்ற ஆங்கிலப் பெண். பாட்மின்டன் என்ற ஊரில் நடக்கும் பெரிய குதிரைப் போட்டியில், ஆண்களோடு ஒரே களத்தில், 1957, 58, 59 – மூன்று வருடமும் அவளே முதல். ஆனால் ஒலிம்பிக்கில் அதே வகைப் போட்டிக்குப் பெண்களை 1964 வரை விடவில்லை. வெல்லத் தெரிந்தவளுக்கு வாசலில் தடை.

பெரில் பேர்ட்டன். 1967இல் பன்னிரண்டு மணித்தியாலத்தில் 277¼ மைல் சைக்கிளோடி, அன்றைய ஆண்களின் சாதனையையும் கடந்தவள். வழியில் முன்னால் போன ஆணை எட்டிப் பிடித்தபோது ஓர் இனிப்பை நீட்டினாளாம். இங்கே கடைகளில் விற்கும் அதே கறுப்பு லக்ரிஸ் இனிப்பு! ராசமலரிடம் சொன்னேன். வெகுநேரம் சிரித்தாள்.

மே 18, ஞாயிறு
செயற்குழு. மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அவசரத்தில் இரண்டாம் பக்கத்தை முதலில் வாசித்துவிட்டேன். பெரில் எங்கே, குதிரை எங்கே என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

"அண்ணை, அவளவை வெள்ளைக்காரியள்" என்றார் ஜோர்ஜ். "அதோட அவளவை கெதியாப் போறதுக்கெல்லே பேர் எடுத்தவை. எங்கட ஓட்டம் மெதுவோட்டம்." எல்லோரும் சிரித்தார்கள். பெயரை வெட்டச் சொன்னார்கள்.

நான் பேனாவை மூடினேன். "அப்ப இந்த முறை கொடி நான் பிடிக்கேல்லை."

சிரிப்பு நின்றது. கால் பட்டதா இல்லையா என்று ஒவ்வொரு வருடமும் அடிபிடி வரும் ஓட்டம் அது. நான் கொடியைத் தூக்கினால் மட்டும் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. பெரிய கெட்டித்தனம் இல்லை. நான் யாருடைய பக்கமும் நின்றதில்லை, அவ்வளவுதான்.

"சரி, ஓடட்டும்" என்றார் ஜோர்ஜ். "ஆனா சொந்த மனிசிக்குக் கொடி தூக்குவியளோ?"
"பட்டால் தூக்குவன்."

மே 19, திங்கள்
பென்சிலுக்கு மேல் பேனாவால் எழுதினேன்.

யூன் 14, சனி
ஒன்பது பேர். பாதித் தூரத்தில் ஆறு பேர் விழுந்தோ காலூன்றியோ வெளியே. பிறகு இன்னொருவரும். மிஞ்சியது ஜோர்ஜும் ராசமலரும். முப்பது மீற்றர் ஓட்டத்தில் இன்னும் இரண்டு மீற்றர். அவள் பின்னால், அவர் முன்னால். ஓரத்தில் நின்ற பெண்கள் கோட்டுக்கு அருகே வந்துவிட்டார்கள். அப்போது அவளது இடது செருப்பின் நுனி புல்லைத் தொட்டது. தொட்டதா? நான் மட்டும்தான் அந்தப் பக்கம் நின்றேன்.

கொடியைத் தூக்கினேன்.

ராசமலர் இறங்கினாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஜோர்ஜிடம் போய், இடுப்புப் பையிலிருந்து ஒரு லக்ரிஸ் எடுத்து நீட்டினாள். "இந்தாரும் தம்பி, களைச்சுப் போனீர்."

யூன் 15, ஞாயிறு
உண்மையிலேயே கண்டேனா? அல்லது மனிசிக்குப் பக்கச்சார்பு என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயமா கையைத் தூக்கியது? விடிந்ததிலிருந்து இதே யோசனை. கடைசியில் கேட்டேவிட்டேன்.

"பட்டது" என்றாள் ராசமலர், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. "நீங்கள் தூக்காட்டி நானே இறங்கியிருப்பன். பிறகு உங்களோட ஒரு கிழமைக்குக் கதைச்சிருக்க மாட்டன்."

2026 மே 5, செவ்வாய்
பட்டியல் வந்தது. பதினோராம் நிகழ்ச்சிக்குப் பதினான்கு பேர். எட்டுப் பேர் பெண்கள். ராசமலருக்குக் கீழே ஜோர்ஜின் மனைவி. மத்தியானம் ஜோர்ஜ் தொலைபேசி எடுத்தார். மனைவிக்குச் சைக்கிள் பழக்கிப் பழக்கித் தனக்கு முதுகு போய்விட்டதாம். பிறகு, "கொடி நீங்கள்தானே, அண்ணை?" என்றார்.

நிகழ்ச்சிநிரலைத் திறந்தேன். பதினொன்றில் 'ஆண்கள்' என்பதை அழித்தேன். அந்த இடத்தில் வேறொன்றும் எழுதவில்லை.