பங்குக் கோயிலைப் பூட்டுமுன் உள்ளே பார்க்கக் கோருதல்

அனுப்புநர்:
தறி ஓட்டி ஓய்வு பெற்றவள்,
பழைய நெசவாலைக் குடியிருப்பு.

பெறுநர்:
அலுவலர் அவர்கள்,
தொன்மைக் கட்டடப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: பங்குக் கோயில் வாசலில் வைத்த புதிய பலகையை அகற்றவும், பூட்டுமுன் உள்ளே பார்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆலை மூடிய பிறகு வெளியூரார் வந்து பார்க்க இவ்வூரில் மிஞ்சியிருப்பது பங்குக் கோயிலான பழைய தேவாலயம் ஒன்றுதான். எங்கள் திருமணம் நடந்ததும் அங்கேதான். கடந்த சனிக்கிழமை மாலை நானும் என் கணவரும் அதைப் பார்க்கச் சென்றோம். எனக்கு முழங்கால் வலி. தெருவைப் பார்த்தபடி வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மட்டும் மணிக்கூண்டுப் படியேறினார்.

2. அன்று கோயிலைப் பூட்டுமுன் காவலாளி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று பலமுறை குரல் கொடுத்ததாகத் தங்கள் அறிக்கை கூறுகிறது. கொடுத்திருப்பார்; அவர் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் இவ்வூருக்குப் புதியவர். தறிச் சத்தத்தில் காலம் தள்ளிய எங்களுக்குக் காது எப்போதோ போய்விட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பதில் வராததால் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

3. நேரமாகிறதே என்று திரும்பினேன். கதவில் பூட்டு. அண்ணாந்தால் மணிக்கூண்டுக் கண்ணாடிக்குப் பின்னால் என் கணவர் முகம். தறிக்கூடத்தில் கத்திப் பயனில்லை என்பதால் நாங்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிப் பழகியவர்கள். உயிர் போகிற நேரத்திலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அங்கே நின்ற சுற்றுலாக்காரர்கள் அவர் ஜெபம் செய்வதாக நினைத்து மரியாதையாக ஒதுங்கினார்கள். ஒருவர் படமும் எடுத்தார். என் கணவர் சொன்னது இதுதான்: "நெஞ்ச அடைக்குது. கதவத் திறக்கச் சொல்லு."

4. எந்தக் காலால் ஓடினேன் என்று எனக்கே தெரியாது. டீக்கடையில் காவலாளியைப் பிடித்து இழுத்து வந்து திறந்தபோது என் கணவர் படியில் சரிந்து கிடந்தார். மருத்துவமனையில் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். காவலாளி மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் என்னோடு சேர்ந்து அழுதார்.

5. என் கோபமெல்லாம் அதன் பிறகு தாங்கள் வைத்த பலகை மேல்தான். "காது கேளாதோர் துணையின்றி நுழையக் கூடாது" என்கிறது அது. இவ்வூரில் பாதிப் பேருக்கு இது கதவடைப்பு. காவலாளியைப் படியேறிப் பார்த்துவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள். அல்லது விளக்கை அணைத்து அணைத்துப் போடச் சொல்லுங்கள், அது எங்கள் கண்ணுக்குத் தெரியும்.

6. பலகை கேட்கும் துணை அவருக்கு நான் ஒருத்திதான் ஐயா. அன்றும் கூடத்தான் இருந்தேன். காவலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் அத்தனை முறையும் கூப்பிட்டாராம். எனக்கும் கேட்கவில்லை.

தக்க ஆணையை விரைந்து பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இடம்: ஆலைக் குடியிருப்பு
நாள்: மார்ச் 12

இப்படிக்கு,
(ஒப்பம்)
மணிக்கூண்டில் அகப்பட்டவரின் மனைவி