பாதி சிவந்த தலைப்பாகை

பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டுக்கு இன்று காலையிலிருந்து பச்சை எனாமல் அடிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு ஜன்னல் வழியாக அந்த வாடை உள்ளே வந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் நின்றேன். "பெயிண்டு வாசந்தானே டீச்சர், நல்லாத்தானே இருக்கு?" என்றாள் ஆயா. நல்லா இருக்கிறதாம். இந்த ஊரில் எது பளபளத்தாலும் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அந்த வாடை எனக்கு ஏன் ஆகாது என்று கேட்காமலே தெரிந்தவள் நீ ஒருத்தி. நீயும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து உன் டிரங்குப் பெட்டியை இழுத்தேன். உன் காரியங்கள் முடிந்த கையோடு உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. "அவ இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டா டீச்சர். எனக்கு இதுல என்ன தெரியும்?" என்றார். உண்மைதான், அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர் சும்மா இருந்திருக்கலாம். உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பில், அருவருப்பில், இத்தனை நாள் அதைத் தொடாமலே வைத்திருந்தேன்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டதே ஒரு தப்புப் பொம்மைக்காக முறைத்துக்கொண்டுதான், நினைவிருக்கிறதா? சமஸ்தானம் போய் ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். நவராத்திரிக்கு முன்னால் கீழ ராஜ வீதியில் கோணிச் சாக்கை விரித்து ஒரு அம்மா மண் பொம்மை விற்றுக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் சிப்பாய்கள். எல்லாம் ஒரே அச்சு. ராஜா காலத்தில் சிவப்புத் தலைப்பாகை வைத்து வந்தவை, அந்த வருஷம் காக்கித் தலைப்பாகையோடு நின்றன. "ராசா போனப்பறம் செவப்ப யாரு கேக்குறா? காக்கின்னாத்தான் போவுது" என்றாள் அவள். அந்த வரிசையில் ஒருவனுக்கு மட்டும் தலைப்பாகை பாதி சிவப்பு, பாதி காக்கி. வண்ணம் வைத்தவனின் கை பழக்கத்தில் சிவப்புக் கிண்ணத்துக்குப் போயிருக்கிறது. பாதியில் ஞாபகம் வந்து, மறுபக்கத்திலிருந்து காக்கியைப் போட்டுக்கொண்டு வந்தவன், நடு மண்டையில் அலுத்துப்போய் விட்டுவிட்டான். நான் எடுக்கக் கையை நீட்டினேன். வேறு ஒரு கையும் நீண்டது.

"அது தப்புப் பொம்மைம்மா, வேற நல்லதா எடுத்துக்கங்க" என்றாள் கடைக்காரம்மா.

"எனக்கு அந்தத் தப்புதாங்க வேணும்" என்று நீ சொன்னாய். நான் சொல்ல இருந்ததை நீ சொன்னதில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. சிப்பாய் உன்னோடு போனான். ஆனால் போகும்போது, "கீழ நாலாம் வீதிதாங்க, எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கங்க" என்றாய். மறுநாளே வந்தேன். அப்புறம் நாம் "ங்க" போட்டுப் பேசுவதை நிறுத்த அதிக நாள் ஆகவில்லை.

நம்முடைய சட்டமெல்லாம் யாருக்குப் புரிந்தது? மூக்கு உடைந்தது தப்பில் சேராது, அது வண்டிக்காரன் வேலை. வெயிலில் வெளுத்ததும் சேராது. வண்ணக்காரன் கை பிசகியிருக்க வேண்டும், இல்லை மனசு மாறியிருக்க வேண்டும். ஒரு சரக்கு முழுவதும் பால்காரிக்குப் பச்சை ரவிக்கை என்றால் அது தப்பில்லை, தினுசு. ஒருத்திக்கு மட்டும் ஒரு கை பச்சை, ஒரு கை மஞ்சள் என்றால்தான் நமக்குப் பண்டிகை. கழுத்துக்கு அடியில் பார்ப்போம், காதுக்குப் பின்னால் பார்ப்போம், வேண்டுமென்றே யாராவது திருத்தியிருக்கிறார்களா என்று எச்சில் தொட்ட விரலால் ஓரத்தில் தேய்த்துப் பார்ப்போம். மாறுகண் செட்டியார், மீசை முளைத்த ஆச்சி, விரல் ஆறாகிப்போன கிளாரினெட்டுக்காரன். "கை பெசகினாத்தாண்டி அங்க ஒரு கை இருந்துச்சுன்னே தெரியுது" என்பாய். அதைச் சொல்லும்போது நீ பொம்மையைப் பார்க்க மாட்டாய், உன் கையைத்தான் பார்ப்பாய்.

எங்கள் வீட்டில் கொலு கிடையாது, கிறிஸ்துமஸ் குடில்தான். அதற்கு அதே வண்ணக்காரன் செய்த சூசையப்பரை நீதான் கண்டுபிடித்து வந்தாய். மடியில் சுற்றி, மூச்சிரைக்க வந்து, "பாருடி, பாருடி" என்று நீட்டினாய். நெற்றியில் மூன்று கோடு திருநீறு! தாடி வைத்த பெரியவர் என்றதும் பாவம், அவன் கை தன்னால் பட்டை போட்டுவிட்டது. சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் எடுத்தது. என் அண்ணி அதைப் பார்த்துவிட்டு, ஏதோ செத்த எலியைக் கண்ட மாதிரி, "சீ, தொடச்சு எறிங்க" என்றாள். துடைக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணியின் கைப்பலகாரம்கூட எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

அந்த "சீ" உன் வீட்டுக்கும் வரும் என்று நான் நினைக்கவில்லை. நீ தலைப்பிள்ளை உண்டாகியிருந்த வருஷம், கொலுவுக்கு வந்த ஆபீசர் வீட்டம்மா சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "என்ன இது, எல்லாம் கோணக் கண்ணும் கோண மூஞ்சியுமா இருக்கு? வயித்துப்புள்ளக்காரி இதுகளப் பாக்கலாமா?" பல்லில் ஒட்டிய தேங்காயை நாக்கால் துழாவிக்கொண்டே அவள் அதைச் சொன்னது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீ கேட்டும் கேட்காத மாதிரி குங்குமத்தை நீட்டினாய். உன் வீட்டுக்காரர் முகம் மட்டும் விழுந்துவிட்டது.

நீ பிரசவத்துக்கு அறந்தாங்கிக்கு அம்மா வீட்டுக்குப் போனாய். திரும்பிவரும் சமயத்தில் ஒருநாள் அவர் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "உள்ள வந்து பாருங்க டீச்சர். அவ வந்தா அசந்துபோயிருவா."

கூடம் முழுக்க அந்த வாடை. கடைப் பலகைக்கு எழுதுகிற ஆளை வைத்து, உன் பொம்மைகள் அத்தனைக்கும் எனாமல் பூசியிருந்தார். எல்லா முகமும் ஒரே ரோஸ் நிறம், புண் ஆறி வருகிற தோல் மாதிரி. எல்லாக் கண்ணும் நேராக என்னையே பார்த்தன. செட்டியாருக்கும் அதே கண், பால்காரிக்கும் அதே கண். சிப்பாயின் தலையில் மொத்தையாகக் காக்கி, வழிந்து காதை மூடியிருந்தது. "இனிமே புள்ள தைரியமா வெளையாடலாம், ஒரு பயமும் இல்ல" என்றார் அவர். அந்த மனுஷர் கண்ணில் நிஜமாகவே பயம் நீங்கிய சந்தோஷம். அதுதான் எனக்கு இன்னும் குமட்டியது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். வாசல் சாக்கடையில் வாந்தி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நீ வந்த அன்று நான் அங்கே இருந்தேன். நீ அழ வேண்டும், கத்த வேண்டும், பலகை எழுதுகிறவன் மூலையில் விட்டுப்போன தூரிகையை உடைத்து எறிய வேண்டும் என்று காத்திருந்தேன். நீ தோளில் பிள்ளையோடு ஒவ்வொன்றாகப் பார்த்தாய். போலீஸ்காரப் பொம்மையைக் கையில் எடுத்தாய். "அடியே, பலகை எழுதுறவரும் பெசகிட்டாருடி. ஒரு பக்கம் மீசையே இல்ல பாரு" என்று சிரித்தாய். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நல்லாருக்குங்க" என்றாய்.

நல்லாருக்குங்க! அவர் மேல் வந்ததைவிட அந்த நிமிஷம் எனக்கு உன் மேல் வந்த வெறுப்பு அதிகம். என்னைத் தவிர இந்த ஊரில் இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த கண் உன்னுடையது ஒன்றுதான். அதன் மேலும் எனாமல் பூசிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் நாம் பேசத்தான் செய்தோம். பிள்ளையின் இருமல், அரிசி விலை, என் இடமாற்றல். பொம்மையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. உனக்கு மஞ்சள்காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கிடையாது.

இன்று பெட்டியைத் திறந்தேன். உன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றியிருந்தாய். செட்டியாரை எடுத்தேன், அதே ரோஸ் முகம், அதே கண். தூ என்று வைக்கப்போகும்போது அவர் முதுகு என் விரலில் சொரசொரத்தது. திருப்பினேன். முதுகு முழுக்கச் சுரண்டியிருந்தது. ஆச்சியை எடுத்தேன், அவளுக்கும் அப்படியே. பால்காரி, கிளாரினெட்டுக்காரன், எல்லோருக்கும் முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை, பின்பக்கம் கொண்டை ஊசியால் துளித்துளியாகச் சுரண்டிய தடம். பல இடத்தில் எனாமலோடு பழைய வண்ணமும் பெயர்ந்து வெறும் மண்தான் தெரிகிறது. அங்கே நிறுத்தியிருக்கிறாய், பக்கத்தில் மறுபடி தொடங்கியிருக்கிறாய். ஒரு நாளில் செய்த வேலையா அது? அவர் ஆபீஸ் போன பிறகு, பிள்ளை தூங்கும்போது, வருஷக்கணக்காகச் செய்திருக்கிறாய். கொலுவில் முன்பக்கம் அவருக்கு. முதுகு உனக்கு.

சிப்பாய் அடியில் இருந்தான். அவன் தலைக்கு மட்டும் பழைய வண்ணக்காரன் நல்ல வார்னிஷ் அடித்திருந்தான் போலிருக்கிறது. எனாமல் சுத்தமாக உரிந்து வந்திருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் முழுக் காக்கி. திருப்பினால் பாதி சிவப்பு, பாதி காக்கி, நடு மண்டையில் அந்த வண்ணக்காரன் அலுத்துப்போய் விட்ட கோடு, அன்று சாக்கு விரிப்பில் இருந்த மாதிரியே. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதாடி? நானும் ஒரு கொண்டை ஊசியோடு வந்து உட்கார்ந்திருப்பேனே. எனக்கு எனாமல் மேல் இருந்த அருவருப்பு போகவில்லை, போகவும் வேண்டாம். அந்த ஆபீசர் வீட்டம்மாவை எங்கே பார்த்தாலும் இன்னும் எனக்கு வயிற்றைப் புரட்டத்தான் செய்யும். இந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடிலில் திருநீறு பூசிய சூசையப்பருக்குப் பக்கத்தில் உன் சிப்பாயை நிறுத்தப் போகிறேன். "பொம்மைய ஏன் திருப்பி வச்சிருக்கீங்க?" என்று அண்ணி கேட்பாள். எங்கள் வீட்டில் அவன் இப்படித்தான் நிற்பான் என்று சொல்லிக்கொள்கிறேன்.